எட்டு மணிச் செய்தியும் எழுபது கிலோ வெங்காயமும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். கிள்ளானில் அம்மா வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு லோரியின் பின்பக்கத்தை. அது எங்கள் கேட்டை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கதவு திறந்ததும் உள்ளே சிவப்பு வலைப் பைகள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் தட்டையான பிளாஸ்டிக் பொட்டலங்கள். அந்த வரிசையில் யார் வீட்டிலோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நம்மை யாரும் அழைக்கவில்லையே என்று லேசாக வருத்தமும் பட்டேன்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அல்ல. டெலிவரி ரசீதில் அச்சாகியிருந்தது. அந்த ரசீதை என் அண்ணன் படம் பிடித்து வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறையாவது, நான் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருக்கும் நாளாகப் பார்த்து, எனக்கு அனுப்புவார்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ஞாயிறு மலரின் அறிவியல் பக்கம் என்னுடையது. காப்பி இதயத்துக்கு நல்லது என்று ஒரு வாரம் எழுதுவேன். கெட்டது என்று அடுத்த மாதம் எழுதுவேன். இரண்டையும் எழுதும்போது காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். சனி கிரகத்துக்குப் புதிய நிலாக்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணிக்கையைத் திருத்தித் திருத்தி, எனக்கும் சனிக்கும் நடுவில் ஒரு சொந்தப் பகையே உண்டாகிவிட்டது. இத்தனை வருடம் உலகத்துக்கு அறிவியல் சொன்ன நான், ஒரு பாகற்காய் அளவுப் பெட்டியிடம் தோற்றுப்போனேன். நடந்து மூன்று வருடம் ஆகிறது.

அந்தப் பெட்டி ஏன் வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. அரசாங்க மருத்துவமனை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போனபிறகு கிள்ளான் வீட்டில் தனியாக இருந்தார். நான் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். அண்ணன் பெர்த்தில் ஒரு சுரங்கக் கம்பெனியில் பாதுகாப்பு ஆய்வாளர். எதைப் பார்த்தாலும் அது எப்படி இடிந்து விழும் என்று யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அதற்கு முந்தைய வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் நாலு மணி நேரம் கிடந்தார். கூடத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அழைத்தது அண்ணன். நான் அன்று ஒரு செய்தியாளர் கூட்டத்தில், கைப்பேசியின் ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். (மூட்டுவலி நிவாரணத்துக்கு ஒரு புதிய நாற்காலியை அறிமுகப்படுத்தினார்கள்.) கடைசியில் பக்கத்து வீட்டு மேரி ஆன்டிதான் பின்பக்கமாக வந்து பார்த்து, ஆள் கூப்பிட்டுத் தூக்கினார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அண்ணன் அன்றோடு முடிவு செய்துவிட்டார், அம்மாவைப் பெர்த்துக்கு அழைத்துப் போய்விடுவதென்று.

அம்மாவுக்கு விருப்பமில்லை. அதை அவர் அண்ணனிடம் சொல்லவும் இல்லை. எப்போது கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். என்னிடம் மட்டும், “அங்க போயி நான் யார்கிட்டடி பேசுவேன்? கங்காருகிட்டயா?” என்றார்.

எனவே நான் களத்தில் இறங்கினேன். என் பக்கத்தில் அப்போதுதான், வயதானவர்கள் தனியாக வாழப் பேசும் பெட்டிகள் எப்படி உதவுகின்றன என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். தலைப்பு: ‘இனி வீடே உங்களைக் கவனித்துக்கொள்ளும்’. ஒரு பெட்டியை வாங்கிப் போனேன். அண்ணன் வியாழக்கிழமை வருகிறார், ஞாயிறு இரவு விமானம், அம்மாவின் கையெழுத்துக்கான விசா தாள்கள் அவர் பையில் இருக்கும். அதற்குள் அந்தப் பெட்டி வேலை செய்வதைக் காட்டிவிட்டால் அம்மா வீட்டிலேயே இருக்கலாம். காட்ட முடியாவிட்டால் அம்மா பெர்த்துக்குப் போக வேண்டும். என் கணக்கு அவ்வளவு எளிது.

திங்கட்கிழமை பெட்டியைப் பொருத்தினேன். அதற்குத் தமிழ் தெரியும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்டில் புதிதாக வந்தவரிடம் பேசுகிற மாதிரி, “பாசார்ல சாவி ரெண்டு கட்டு” என்றார். சாவி என்பது மலாய்ச் சொல், இங்கே எல்லோருக்கும் அது கீரை. பெட்டி மிக மரியாதையாக, “எந்தப் பூட்டுக்கான சாவி வேண்டும்?” என்று கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

மொழியை மலாய்க்கு மாற்றினேன். அம்மாவின் மலாய் நன்றாக இருக்கும். பெட்டி சாவியைக் கீரையாகவே எடுத்துக்கொண்டது. இது நான் திறந்து வைத்த முதல் கதவு.

பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அம்மா மறுத்துவிட்டார். “சாமானைப் பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு எனக்கு இன்னும் ஆகல.” அழைக்காமலேயே கேட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தேன். இரண்டாவது கதவு.

எதைச் சொன்னாலும் பெட்டி அதைத் திருப்பிச் சொன்னது. வார்டு சிஸ்டர் மாதிரி உயிரை வாங்குகிறது என்றார் அம்மா. குரலை அணைத்து, ஒரு நீல விளக்கு மட்டும் மினுக்கும்படி செய்தேன். மூன்றாவது கதவு. அம்மா சொல்வதைக் கேட்டுப் பெட்டி எழுதும் சாமான் பட்டியலில் சேர்ந்ததெல்லாம் சனிக்கிழமை காலை தானாகவே வீட்டுக்கு வந்துவிடும்படி, பக்கத்திலேயே இருந்த ஒரு மொத்த வியாபாரக் கடையோடு இணைத்தும் வைத்தேன். அது உணவுக் கடைகளுக்கு அனுப்பும் இடம் என்பதை நான் கவனிக்கவில்லை. பட்டியலில் என்ன சேர்ந்தாலும் எனக்கும் அண்ணனுக்கும் கைப்பேசியில் தகவல் வரும். செவ்வாய்க்கிழமையே என்னுடையதை நிறுத்திவிட்டேன். ஏற்கனவே ஒரு நாளைக்கு நூறு தகவல் வருகிறது. எவ்வளவைத்தான் பார்ப்பது?

அண்ணன் வந்தார். ஒரு பட்டியலோடு வீட்டைச் சுற்றினார். குளியலறைத் தரை, அபாயம். கேஸ் அடுப்பு, அபாயம். பின்பக்கப் படி, அபாயம். நான் எடுத்துச் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் பெயருக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. எழுத இடம் போதவில்லையோ என்னவோ.

இப்போது லோரிக்கு வருவோம்.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர். தோளில் துண்டு, கையில் கைப்பேசி. “அக்கா, எங்க எறக்கறது?” என்றார்.

எதை என்று கேட்டேன். வெங்காயத்தை என்றார். தப்பான வீடு என்றேன். அவர் முகவரியை வாசித்தார். பிறகு என் பெயரை வாசித்தார்.

“மாலாதானே? அப்ப சரியான வீடுதான்லா. வெங்காயம் முப்பத்தொரு பை. நறுக்குன வெங்காயம் அஞ்சு கிலோ பேக்கட், பதினாலு. உப்பு மூணு. சாவி ரெண்டு கட்டு.” கொஞ்சம் நிறுத்தி, என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “கடை தொறக்கிறீங்களா அக்கா?”

திருப்பி எடுத்துப் போகும்படி கேட்டேன். நறுக்கியதைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், முழு வெங்காயத்தை மட்டும் தனியாக எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நல்லபடியாக நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அவர் திரும்பிய ஐந்தாவது நிமிடம் மழை பிடித்தது. கிள்ளான் மழை தாழ்வாரத்தையெல்லாம் மதிப்பதில்லை. அண்ணனும் நானும் அத்தனையையும் கூடத்துக்குள் தூக்கி வந்து போட்டோம். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தி, வியர்க்கிறதென்று ஏர்கண்டிஷனரையும் அண்ணன் போட்டுவிட்டார். வெயிலில் வந்த பொட்டலங்களில் இரண்டு வாய் பிளந்திருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, வெங்காயத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார். “நீ சொன்ன டெக்னாலஜி இதுதானா?”

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. இது ஊடுருவல் என்று சொன்னேன். யாரோ வெளிநாட்டிலிருந்து அம்மாவின் வீட்டு இணையத்துக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, இணையக் குற்றங்களின் வகைகளைப் பற்றி ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினேன். கிள்ளானில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற வார்டு உதவியாளருக்கு வெங்காயம் அனுப்புவதால் அந்தக் கும்பலுக்கு என்ன லாபம் என்று அண்ணன் கேட்டார். அதுதான் இன்னும் மர்மமாக இருக்கிறது என்றேன். (நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.) முன்னெச்சரிக்கையாக, பெட்டியின் குரல் அமைப்புகளைப் பழையபடி மாற்றி, பேச்சைத் திரும்பக் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது. தெரியாமல் செய்ததுதான்.

அண்ணன் பையிலிருந்து தாள்களை எடுத்து, உப்புப் பொட்டலங்களை நகர்த்திவிட்டு மேசையில் வைத்தார். பேனாவை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா தாள்களைப் பார்த்தார். “பார்க்கலாம்” என்றார்.

“எப்பம்மா பார்க்கறது? நாளைக்கு நைட்டு எனக்கு ஃபிளைட்டு.”

அதற்குள் எங்கள் கண்கள் எரிய ஆரம்பித்திருந்தன. அம்மா முந்தானையால் துடைத்தார். நான் மூக்கை உறிஞ்சினேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். சாத்திய கூடத்தில் எழுபது கிலோ நறுக்கிய வெங்காயத்தோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எந்தக் குடும்பமும் இப்படித்தான் ஆகும். ஆனால் ஒரு கட்டத்தில் அண்ணனின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். வெங்காயம் தோள் வரைக்கும் போகாது.

“நாலு மணி நேரம்மா” என்றார். “அங்க உக்காந்து டயல் பண்ணிக்கிட்டே இருந்தேன். இவ எடுக்கல. நீ எடுக்கல. இப்பவும் ரெண்டு ரிங்குக்கு மேல போச்சுன்னா எனக்கு அந்த நாள்தான் கண்ணு முன்னாடி வருது.”

ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்பா போனபோதுகூட எங்கள் முன்னால் அழாதவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்துபோய் அவர் தலையில் கை வைத்தார். “பாவம்” என்றார். “போதும்யா, போதும்.”

மூலையில் நீல விளக்கு எரிந்தது. தெளிவான, உற்சாகமான பெண் குரலில் பெட்டி சொன்னது: “பாவாங் போத்தோங். சுடா தம்பா.”

நறுக்கிய வெங்காயம். சேர்த்தாயிற்று.

அம்மாவின் கை அண்ணன் தலையிலேயே இருந்தது.

முதலில் அசைந்தது அண்ணன்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெட்டிக்கு நேரே போய் நின்று, அடிபட்ட பூனையைப் பார்த்த மாதிரிக் குரலில், “பாவம்” என்றார்.

“பாவாங். சுடா தம்பா.”

“பாவம். போதும்.”

“பாவாங் போத்தோங். சுடா தம்பா.”

பாதுகாப்பு ஆய்வாளர்கள் எதையும் மூன்று தடவை சோதிப்பார்களாம். மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மேரி ஆன்டி குடையோடு உள்ளே வந்தார். லோரி வந்ததைப் பார்த்திருக்கிறார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு குடும்பம் அழுதுகொண்டிருப்பதையும், மூத்த மகன் சுவரைப் பார்த்துப் ‘பாவம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதையும் இப்போது பார்த்தார். இறப்புக்கும் சமையலுக்கும் இடையில் ஏதோ ஒன்று என்று முடிவு செய்திருப்பார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

“யாரு போயிட்டாங்க?” என்றார். “ஐயோ, பாவம்.”

“பாவாங். சுடா தம்பா” என்றது பெட்டி.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா தினமும் இரவு எட்டு மணிச் செய்தி பார்ப்பார். வெள்ளம், விபத்து, வேலை போனவர்கள், வீடு இடிந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பாவம்’ சொல்வார். தாங்க முடியாமல் போனால் ‘பாவம், போதும்’ என்று தொலைக்காட்சியை அணைப்பார். பெட்டியை மலாய்க்கு மாற்றியவள் நான். அதன் காதில் பாவம் என்றால் பாவாங், வெங்காயம். போதும் என்றால் போத்தோங், நறுக்கியது. குழம்பில் காரம் இல்லை என்று அம்மா மூன்று தடவை சொல்லியிருக்கிறார், காராம், உப்பு. உலகம் முழுக்க உள்ள துயரத்துக்காக அம்மா ஒரு வாரம் பட்ட இரக்கத்தைத்தான் அந்த லோரி ஏற்றி வந்திருந்தது.

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “நீ எழுதுற பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்கள்ல?”

வெங்காயத்தை அம்மா தொலைபேசியிலேயே கரைத்தார். கோயில் சமையற்கட்டு, மேரி ஆன்டியின் தேவாலயம், முனையில் நாசி லெமாக் விற்கும் அக்கா என்று ஒவ்வொருவராக வந்து தூக்கிப்போனார்கள். மாலைக்குள் கூடம் காலியானது. வாசம் போக இரண்டு மாதம் ஆனது.

அன்று சாயங்காலம், பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்புவதென்று நான் பிளக் பக்கத்தில் குனிந்திருந்தேன். தோற்றுவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாள்கள் மேசையிலேயே இருந்தன. அண்ணன் சோபாவில் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமையில இருந்தே எனக்குப் பாவாங், பாவாங்னு வந்துக்கிட்டிருந்துச்சு” என்றார். “நான் வரேன்னு பிரியாணி பண்ணப் போறாங்கன்னு நினைச்சேன்.” பிறகு வாசித்தார். “திங்கள், எட்டு பன்னிரண்டு. எட்டு பதினாறு. எட்டு இருபது, நறுக்குனது. செவ்வாய் காலைல ஆறே கால். அந்த நேரத்துல யாரும்மா?”

“பின்னாடி வர்ற பூனை” என்றார் அம்மா. “கால் நொண்டுது.”

“புதன் மூணு மணி?”

“மேரியோட மருமகனுக்கு வேலை போயிடுச்சு.”

அண்ணன் வெள்ளிக்கிழமை வரைக்கும் வாசித்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வாரத்தில் ஒருமுறை தொலைபேசியில் ‘நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா’ என்று முடித்துக்கொள்ளும் இரண்டு பேர், முக்கால் மணி நேரம் வெங்காயங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பிளக்கைப் பிடித்தபடியே குனிந்திருந்தேன். முதுகு வலித்தது.

முடிந்ததும் அம்மா தாள்களை எடுத்து, ஒன்றாக அடுக்கி, அண்ணன் மடியில் வைத்தார். இந்தத் தடவை ‘பார்க்கலாம்’ சொல்லவில்லை.

“நான் வரலய்யா.”

அண்ணன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அதைக் கழட்டாதே. கடையை மட்டும் கட் பண்ணு. லிஸ்ட்டை விட்டுடு.”

“எதுக்குண்ணே?”

“வெங்காயம் வந்தா அம்மா இருக்காங்கன்னு அர்த்தம். வரலன்னா நான் மேரி ஆன்டிக்கு ஃபோன் அடிப்பேன். மூணு மாசம் பார்ப்போம்.”

மூன்று மாதம் மூன்று வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் பாவம் என்று சொல்வதில்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்றால் ‘ஐயோ, வெங்காயம்’ என்கிறோம். சாவு வீட்டிலும் வாய் தவறி வந்துவிடுகிறது. வெளியாட்கள் முகம் சுளிக்கிறார்கள். என் அறிவியல் பக்கத்தைப் போன வருடம் அரைப் பக்கமாகக் குறைத்தபோது, அண்ணனிடமிருந்து வந்த ஆறுதல் ஒரு வெங்காயத்தின் படம். திருத்தம் எப்போது வெளிவரும் என்று வருடம் தவறாமல் கேட்கிறார். இதுதான் அது என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு நாள் பட்டியல் காலியாக இருந்தது. எட்டரை மணிக்குப் பெர்த்திலிருந்து அழைப்பு. மேரி ஆன்டி அம்மா வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இரவு உடையோடு ஓடினார். நான் டாக்சியில் பாதி வழி போய்விட்டேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் செய்தியில் முழுக்க அரசியல்வாதிகள். அம்மாவுக்கு யார்மேலும் இரக்கம் வரவில்லை.

நேற்று இரவு எட்டு முப்பத்தெட்டுக்கு என் கைப்பேசியில் அம்மாவின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாவாங், பதினொன்று. நறுக்கியது, ஒன்று.